பொறி புதிது, பீடம் பழையது!

இங்கிலாந்து நாட்டிலே, ஹாம்ப்ஷயர் பகுதியிலே, சவுத் வார்ன்பரோ என்றொரு சிற்றூர். அங்கே ஒரு கடை. கடைக்குள்ளேயே ஒரு சிறிய அஞ்சல் நிலையம். நடத்தி வந்தவர் ஜோ ஹாமில்டன் என்ற அம்மையார். ஒரு முறை கணக்கு முடிக்கையில், 2,000 பவுண்டு குறைகிறது என்று கணிப்பொறி காட்டிற்று. பணமோ எங்கும் போகவில்லை. உதவிக்கென்று தரப்பட்ட தொலைபேசி எண்ணை அழைத்தார். மறுமுனையில் இருந்தவர், இதை அழுத்துங்கள், அதை அழுத்துங்கள் என்றார். அம்மையாரும் சொன்னபடியே செய்தார். செய்து முடித்ததும், கண்ணெதிரிலேயே, 2,000 பவுண்டு 4,000 பவுண்டாயிற்று!

கைவைத்தவர் யாருமில்லை, களவுபோன தடயமுமில்லை. திரையிலே ஓர் எண் மாறிற்று, அவ்வளவுதான். ஆனால் அந்த எண்ணுக்கு அந்த அம்மையார் பொறுப்பாளியாக்கப்பட்டார்! வீட்டை அடமானம் வைத்தார். கொடுக்கக் கொடுக்கக் கணக்கு வளர்ந்தது. முடிவில் 36,000 பவுண்டு திருடியதாக வழக்கு. பொய்க்கணக்கு எழுதியதாக ஒப்புக்கொண்டால் திருட்டுக் குற்றச்சாட்டு கைவிடப்படும் என்ற நிலை. சிறைக்கு அஞ்சி ஒப்புக்கொண்டார்; 2008-ல் தண்டனை விதிக்கப்பட்டது. ஊர் மக்கள் திரண்டு நீதிமன்றத்துக்கு வந்து அவர் பக்கம் நின்றனர். ஊர் அறிந்திருந்தது அவர் நேர்மையை, நிறுவனம் அறியவில்லை. அந்தக் களங்கம் 2021-ல்தான் துடைக்கப்பட்டது. பதின்மூன்று ஆண்டுகள்!

இதைக் கெட்டுப்போன ஒரு கணிப்பொறியின் கதை என்று பலர் சொல்லிவிட்டுப் போகிறார்கள். இல்லை, தோழர்களே! இது பொறியின் கதையல்ல. அந்தப் பொறியைத் தூக்கித் தலைமேல் வைத்த பீடத்தின் கதை. நாம் படிக்க வேண்டிய கதை.

ஏன் நாம் படிக்க வேண்டும்? இன்று ஆலையென்றால் அங்கே கணிப்பொறி. பணிமனையென்றால் அங்கே கணிப்பொறி. வருகைப் பதிவு அதிலே, கூலிக் கணக்கு அதிலே, சரக்குக் கணக்கு அதிலே. 'டிஜிட்டல் மாற்றம்' என்று அதற்குப் பெயர் சூட்டி, முதலாளிமார் விழா எடுக்கின்றனர். "எல்லாம் மாறப் போகிறது" என்கின்றனர். நாம் கேட்பதெல்லாம் ஒன்றே ஒன்று: எல்லாம் என்றால், எது? மேலே உட்கார்ந்திருப்பவன் கீழே நிற்பவனின் பேச்சைக் கேட்கும் வழக்கம் வரப்போகிறதா? தவறு யாருடையது என்று பார்க்கும் முறை மாறப் போகிறதா? அதெல்லாம் மாறாது, பொறி மட்டும் மாறும் என்றால், மாற்றம் எங்கே இருக்கிறது? பழைய மாளிகைக்குப் புதிய விளக்குப் போட்டால், பழைய மாளிகைதானே இன்னும் பளிச்சென்று தெரியும்?

1968-ம் ஆண்டிலேயே, அமெரிக்கக் கணிப்பொறி வல்லுநர் மெல்வின் கான்வே இதை ஒரு கட்டுரையிலே கூறிவிட்டார். ஒரு நிறுவனத்தார் ஓர் அமைப்பை உருவாக்கினால், அது அந்த நிறுவனத்துக்குள்ளே யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதன் நகலாகவே அமையும் என்பது அவர் கருத்து. பேச்சு உள்ள இடத்தில் இணைப்பு இருக்கும். பேச்சு அற்ற இடத்தில் சுவர் இருக்கும். நம் மொழியில் சொன்னால், அச்சு எப்படியோ அப்படித்தான் வார்ப்பு! பிரிட்டிஷ் அஞ்சல் நிலைய நிறுவனத்திலே அந்த அச்சு எப்படி இருந்தது என்று பாருங்கள்.

ஹொரைசன் என்பது அந்தக் கணிப்பொறி அமைப்பின் பெயர். அடிவானம் என்று பொருள். பொருத்தமான பெயர்தான்; அடிவானத்தை எட்டியவர் எவரும் இல்லையே! 1996-ல் ஒப்பந்தமானபோது அதற்கு இரண்டு எசமானர்கள்: அரசின் சமூகப் பாதுகாப்புத் துறை ஒன்று, அஞ்சல் நிலைய நிறுவனம் மற்றொன்று. உதவித்தொகையை அட்டை மூலம் வழங்குவதே முதல் நோக்கம். 1999-ல் அந்தத் துறை விலகிக்கொண்டது. இரண்டு பேருக்கென்று தைத்த சட்டை, ஒருவர் தோளிலே மாட்டப்பட்டது. அந்த ஆண்டு முதல் ஊர் ஊராக, கிளை கிளையாக, அஞ்சல் நிலையங்களில் இந்தப் பொறி நிறுவப்பட்டது. செய்து தந்தவர்கள் ஐ.சி.எல். என்ற நிறுவனத்தார், அதன் உடைமையாளர் ஜப்பானின் ஃபுஜிட்சு.

முதலில் அடித்தட்டைப் பாருங்கள். கிளை அஞ்சல் நிலையத்தை நடத்துகிறவர் சப்-போஸ்ட்மாஸ்டர். பெயரைக் கேட்டால் உத்தியோகஸ்தர் போலிருக்கும். உண்மையிலே அவர் ஊழியரல்லர், ஒப்பந்தக்காரர். சேமித்த பணத்தைப் போட்டுக் கடையை வாங்கி, அஞ்சல் வேலையைச் செய்து தருகிறவர். கவனக்குறைவாலோ தவறாலோ இழப்பு நேர்ந்தால் அவர் ஈடுகட்ட வேண்டும் என்றது ஒப்பந்தம். தவறு அவருடையதுதானா என்று நிரூபிக்க வேண்டியவர் யார்? நிறுவனம்! ஆனால் நடைமுறை என்ன? கணக்குக் குறைந்தால் கட்டு! காரணம் கேட்காதே, கட்டு!

அந்த ஆணவம் அப்படியே திரைக்குள்ளே குடியேறிற்று. கணக்கு முடிக்கும் நாளிலே குறை தெரிந்தால், இப்போதே கட்டுகிறேன் என்று அழுத்தலாம். பிறகு கட்டுகிறேன் என்று அழுத்தலாம். "இந்தக் கணக்கை நான் ஏற்கவில்லை" என்று அழுத்த ஒரு பொத்தான் உண்டா? இல்லை! தகராறுள்ள தொகையை ஒதுக்கி வைப்பதற்கு முன்பு ஒரு வழி இருந்தது. 2005-ல் அதையும் அடைத்தனர். கணக்குச் சரி என்று ஒப்பாவிட்டால், அடுத்த கணக்குக் காலத்துக்குள் நுழைந்து கடையை நடத்த முடியாது. ஒப்பினாலோ, பொய்க்கணக்கு எழுதியவன் என்று வழக்கு! முன்னே போனால் முட்டும், பின்னே வந்தால் உதைக்கும்!

தோழர்களே, எண்ணிப் பாருங்கள். ஒரு பொத்தான் வைப்பதற்கு என்ன செலவாகும்? விஞ்ஞானம் தடுத்ததா? இல்லை. மறுத்துப் பேசும் உரிமை ஒப்பந்தக்காரனுக்கு உண்டு என்ற எண்ணமே அந்த நிறுவனத்தில் இல்லை; ஆகவே திரையிலும் இல்லை. மனத்தில் இல்லாதது மின்திரையில் எப்படி வரும்?

அடுத்து, நடுத்தட்டு. பொறியைச் செய்தவர் ஒரு வீடு. பொறியால் கணக்குப் பார்ப்பவர் வேறு வீடு. இடையிலே ஒப்பந்தம் என்ற மதிற்சுவர். ஃபுஜிட்சுவின் பொறியாளர்களிடம், தெரியவந்த பிழைகளின் பதிவேடு ஒன்று இருந்தது. இன்ன பிழை இன்ன இடத்தில் நேர்ந்தது என்று அதிலே குறித்து வைத்திருந்தனர். அந்த ஏடு கிளைக்காரர் கண்ணில் பட்டதா? படவில்லை! அதுமட்டுமா? பிராக்னெல் நகரிலே அமர்ந்தபடியே, எங்கோ இருக்கும் கிளையின் கணக்குக்குள்ளே அந்தப் பொறியாளர்களால் புக முடியும். "கிளைக்காரருக்குத் தெரியாமல் எவரும் கணக்கைத் தொட முடியாது" என்றே அஞ்சல் நிறுவனம் ஆண்டுக்கணக்கில் சாதித்து வந்தது.

பிழை எப்படிப்பட்டது என்பதற்கு ஒன்று சொல்கிறோம். 2015-ல் ஸ்காட்லாந்தின் டால்மெல்லிங்டன் கிளைக்காரர், 8,000 பவுண்டு ரொக்கத்தை ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றப் பதிவு செய்தார். திரை அசையவில்லை. மறுபடி அழுத்தினார், மறுபடியும் அழுத்தினார். அழுத்திய ஒவ்வொரு முறையும் புதிதாக 8,000 பவுண்டு பெற்றதாகப் பொறி எழுதிக்கொண்டது! 24,000 பவுண்டு துண்டு விழுந்தது. தேடிப் பார்த்தால், அதே பிழை ஐந்தாண்டுகளாக 88 கிளைகளில் தலைகாட்டியிருக்கிறது. 88 பேரும் ஒருவரோடொருவர் பேசியிருந்தால் முதல் ஆண்டிலேயே பிடிபட்டிருக்குமல்லவா?

பேசவிட்டால்தானே! பிரிட்லிங்டன் ஊரின் லீ காசில்டன் உதவி எண்ணை 91 முறை அழைத்தார். 91 முறை! உதவி வரவில்லை; வழக்கு வந்தது. 2007-ல் தோற்றார், நிறுவனத்தின் வழக்குச் செலவு 3,21,000 பவுண்டையும் அவர் தலையிலே சுமத்தினர், திவாலானார். இப்படிக் கதறியவர்கள் ஒவ்வொருவருக்கும் கிடைத்த மறுமொழி என்ன தெரியுமா? "வேறு யாருக்கும் இப்படி நேரவில்லையே, உங்களுக்கு மட்டும்தான்!" உங்களுக்கு மட்டும்தான்! தொழிலாளியின் முதுகெலும்பை முறிப்பதற்கு இதைவிடக் கூரிய சொல் வேறு உண்டா? ஆயிரம் கிளைகளை ஒரே கம்பியால் இணைத்த பொறி, அந்தக் கிளைகளின் மனிதர்களைத் தனித்தனித் தீவுகளாக்கிற்று.

இனி மேல்தட்டு. பணம் குறைகிறது என்று புகார் கொடுப்பவர் யார்? அஞ்சல் நிறுவனம். புலன் விசாரிப்பவர் யார்? அஞ்சல் நிறுவனத்தின் விசாரணையாளர்கள். இங்கிலாந்திலும் வேல்சிலும் குற்ற வழக்குத் தொடுப்பவர் யார்? அதே நிறுவனத்தின் வழக்கறிஞர்கள்! வாதியும் தானே, காவலும் தானே, வழக்குத் தொடுப்பவனும் தானே என்றால், "பொறி தவறியிருக்குமோ" என்று ஐயுற அங்கே யாருக்கு வேலை இருக்கிறது? சந்தேகத்துக்கு உள்ளானவர்களை இனவாரியாகப் பிரித்தெழுத, கறுப்பு மக்களை இழிக்கும் பழஞ்சொல் கொண்ட ஒரு பட்டியல் அந்த விசாரணையாளர்களிடம் இருந்தது என்பதும் 2023-ல் அம்பலமாயிற்று. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. கீழே நிற்பவர்களை எந்தக் கண்ணால் பார்த்தார்கள் என்பதற்கு அந்த ஒரு தாளே சாட்சி.

சட்டமும் கைகொடுத்தது. கணிப்பொறி தந்த ஆவணத்தைச் சாட்சியமாக வைப்பவர், பொறி ஒழுங்காக வேலை செய்தது என்று காட்ட வேண்டும் என்றது 1984-ம் ஆண்டுச் சட்டம். 1999-ல் இயற்றிய சட்டம் அந்தக் கடமையை நீக்கிற்று. பொறி ஒழுங்காகவே இயங்கியது என்று நீதிமன்றம் கருதிக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது குற்றம் சாட்டப்பட்டவர் பாடு! பிழைப் பதிவேடு மதிலுக்கு அப்பால். காட்ட வேண்டிய பொறுப்பு மதிலுக்கு இப்பால்! மனிதன் பொய் சொல்வான், பொறி பொய் சொல்லாது என்ற புதிய மூடநம்பிக்கைக்கு, சட்டமே பூசை போட்டது.

விளைவு? 1999 முதல் 2015 வரை, 900-க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாக்கப்பட்டனர். அவர்களில் சுமார் 700 பேர்மீது வழக்குத் தொடுத்தது அஞ்சல் நிறுவனமே. சீமா மிஸ்ரா என்ற தாய், வயிற்றிலே குழந்தையோடு, 2010-ல், மூத்த மகனின் பத்தாவது பிறந்தநாளன்று, 15 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். குறைந்தது 13 பேர் இந்தக் கொடுமையின் விளைவாக உயிரை மாய்த்துக்கொண்டிருக்கக்கூடும் என்று, சர் வின் வில்லியம்ஸ் தலைமையிலான விசாரணையின் முதல் அறிக்கை 2025 ஜூலையில் கூறிற்று. நிறுவனத்தின் தலைமை நிர்வாகியாக இருந்தவருக்கோ 2019-ல் அரச விருது! அது பறிக்கப்பட்டது 2024-ல்தான். கீழே சிறை, மேலே சிறப்பு!

இந்தக் கோட்டை எப்படி இடிந்தது? இன்னும் நல்ல கணிப்பொறி வந்தா? இல்லை. ஆலோசகர் குழு வந்தா? இல்லை, தோழர்களே. "உனக்கு மட்டும்தான்" என்ற பொய்யை, "எனக்கும்தான்" என்ற ஒரே ஒரு சொல் இடித்தது!

வேல்சின் லாண்டுட்னோ ஊரிலே ஆலன் பேட்ஸ் என்றொருவர். பொறி சொன்ன கணக்கை ஏற்க மறுத்தார். 2003-ல் அவர் ஒப்பந்தத்தை முறித்தனர். அவர் ஓயவில்லை. 2009-ல் 'கம்ப்யூட்டர் வீக்லி' என்ற ஏடு, பாதிக்கப்பட்ட ஏழு பேரின் கதையை வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில், ஃபென்னி காம்ப்டன் என்ற சிற்றூரின் பொது மண்டபத்தில், முன்பின் அறியாதவர்கள் கூடினர். ஒருவர் எழுந்து தன் கதையைச் சொன்னார். அடுத்தவர் எழுந்தார், அதே கதை! மூன்றாமவர் எழுந்தார், அதே கதை! நிறுவனம் கட்டிய சுவர்கள் ஒரு பிற்பகலிலே பொடிப்பொடியாயின. கோடிக்கணக்கில் செலவழித்த அமைப்பு செய்யாத வேலையை, அந்த ஊர் மண்டபம் செய்தது. கிளையையும் கிளையையும் இணைத்தது!

555 பேர் சேர்ந்து வழக்காடினர். 2019-ல் நீதிபதி ஃப்ரேசர், பழைய ஹொரைசன் நம்பத்தகுந்ததாக இருக்கவில்லை என்று தீர்ப்பளித்தார். பொறியில் குறையில்லை என்று நிறுவனம் பிடித்த பிடிவாதத்தை, உலகம் தட்டை என்று வாதிடுவதற்கு ஒப்பிட்டார். 2021 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனைகளை ஒரே நாளில் ரத்து செய்தது. 2024 ஜனவரியில் தொலைக்காட்சி நாடகமொன்று இந்தக் கதையை வீட்டுக்கு வீடு கொண்டுபோக, நாடே கொதித்தது. மே மாதத்தில் நாடாளுமன்றம் சட்டமியற்றி, எஞ்சியவர்களில் பெரும்பாலோரின் தண்டனைகளையும் மொத்தமாகத் துடைத்தது.

நாம் பொறிக்குப் பகைவர் அல்லர். இதை உரக்கச் சொல்ல விரும்புகிறோம். பொறியை உடைப்பது நம் கொள்கையல்ல. பொறியைத் தெய்வமாக்குவதை உடைப்பதே நம் கொள்கை. நல்ல அமைப்பிலே பொறி எப்படி இருக்கும் என்பதற்கும் சான்று உண்டு. 1924-ல் ஜப்பானின் சாகிச்சி டொயோடா தானியங்கித் தறி ஒன்றைச் செய்து முடித்தார். பாவு நூல் அறுந்தால் அந்தத் தறி தானே நின்றுவிடும். தவறான துணியை நெய்துகொண்டே போவதைவிட நிற்பது மேல் என்பது அதன் தத்துவம். அதே தத்துவம், அவர் குடும்பம் தொடங்கிய டொயோட்டா கார் ஆலையிலே கயிறாகத் தொங்கிற்று. வரிசையில் நிற்கும் தொழிலாளி, கோளாறு கண்டால் கயிற்றை இழுக்கலாம். குழுத் தலைவர் ஓடி வருவார். கோளாறு தீராவிட்டால் வரிசையே நிற்கும்.

அந்தக் கயிறு என்ன தங்கக் கயிறா? சாதாரணக் கயிறு! அதன் வலிமை கயிற்றில் இல்லை. இழுத்தவனை ஏசாமல், "என்ன கண்டாய்?" என்று கேட்கும் முறையிலே இருக்கிறது. இழுத்தவன் கூலியைப் பிடிக்கும் ஆலையிலே அதே கயிற்றைக் கட்டிப் பாருங்கள். தூசி படிந்து தொங்கும். ஹொரைசனில் இல்லாமற்போனது அந்தக் கயிறுதான். நூல் அறுந்துகொண்டேயிருந்தது, தறி நிற்கவில்லை, நெய்பவனைச் சிறையில் தள்ளினார்கள்.

ஆகவே, தோழர்களே, உங்கள் ஆலைக்கு, உங்கள் பணிமனைக்குக் கணிப்பொறி வருகிறதென்றால், அதன் வேகமென்ன, விலையென்ன என்று மட்டும் கேட்டு நின்றுவிடாதீர்கள். சங்கத்தின் மூலம் ஐந்து கேள்விகள் கேளுங்கள்.

பொறி காட்டும் கணக்கை நான் மறுக்க வேண்டுமானால், அதற்குத் திரையிலே வழி எங்கே?

மறுத்தால், அது தீரும்வரை என் கூலியிலே கைவைக்க மாட்டோம் என்று எழுதித் தருவீர்களா?

பொறியின் பிழைகளைக் குறிக்கும் ஏடு யாரிடம் இருக்கிறது? எங்கள் சங்கம் அதைப் பார்க்கலாமா?

என் பெயரிலுள்ள கணக்குக்குள்ளே வேறு யார் புக முடியும்? புகுந்தால் அதன் சுவடு எனக்குத் தெரியுமா?

தகராறு வந்தால் விசாரிப்பவர் யார்? குற்றம் சாட்டுகிறவரே விசாரிப்பவராகவும் இருப்பாரா?

இந்த ஐந்துக்கும் நேரான விடை வந்தால், வரவேற்போம் பொறியை! மாலையிட்டே வரவேற்போம்! விடை வராமல், "உங்களுக்கு ஏன் இந்த வம்பு? வல்லுநர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று சொன்னால், புரிந்துகொள்ளுங்கள்: மாறப்போவது பொறி மட்டுமே, பீடம் பழைய பீடமே.

இறுதியாக ஒன்று. நாளை உங்களில் ஒருவரை அழைத்து, "உன் கணக்கிலே மட்டும்தான் தவறு வருகிறது" என்று ஒரு மேலதிகாரி சொல்லக்கூடும். தலைகுனிந்து வீட்டுக்குப் போய்விடாதீர்கள். பக்கத்து மேசைத் தோழரிடம் கேளுங்கள். அடுத்த பிரிவில் கேளுங்கள். சங்கக் கூட்டத்திலே எழுந்து சொல்லுங்கள். எங்கிருந்தோ ஒரு குரல், "எனக்கும்தான்!" என்று எழும். ஃபென்னி காம்ப்டன் மண்டபத்திலே எழுந்தது அந்தக் குரல்தான். அஞ்சல் நிறுவனத்தின் பீடத்தை அசைத்ததும் அந்தக் குரல்தான்.